28 ஸ்லைடு, நாலு நிமிஷம்: பிசினஸ் கேஸ் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்

#1 · துவாஸ்_ஸ்டோர் · செவ்வாய், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் எக்சிகியூட்டிவாக இருக்கிறேன். பேரிங், போல்ட், வால்வு என்று இயந்திர உதிரிபாகங்களை வாங்கி விற்கிற இடம். மொத்தம் 60 பேர், ஸ்டோரில் மட்டும் 11 பேர். ஏறக்குறைய 9,000 வகைச் சாமான்கள். எல்லாம் இன்னும் காகிதத்தில்தான் ஓடுகிறது. எந்தச் சாமான் எந்த ரேக்கில் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எங்கள் மூத்த ஸ்டோர்கீப்பர் அங்கிளுக்குத்தான் தெரியும். அவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

பார்கோடு ஸ்கேனருடன் ஒரு ஸ்டாக் சிஸ்டம் வேண்டும் என்று பாஸிடம் கேட்டேன். "பிசினஸ் கேஸ் எழுதிக் கொண்டு வா" என்றார், அதாவது இந்தச் செலவு ஏன் தகும் என்று காட்டுகிற தாள். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து 28 ஸ்லைடு போட்டேன். டிஜிட்டல் ஏன் அவசியம், மற்றவர்கள் எங்கே போய்விட்டார்கள், 30 விழுக்காடு நேரம் மிச்சம், ஊழியர்களுக்கு மனநிறைவு என்று ஒன்று விடவில்லை. படங்களும் நன்றாகத்தான் இருந்தன.

பாஸ் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 62,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருந்தது. "போட்டால் எனக்கு என்ன வரும்?" என்றார். 30 விழுக்காடு நேரம் மிச்சம் என்றேன். "நேரத்தைக் கொண்டுபோய் பேங்க்கில் போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு மூடிவிட்டார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

அவர் மோசமானவர் இல்லை. பழைய காலத்துத் தௌக்கே (முதலாளி), காசைத் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார். "இன்னொரு தடவை கொண்டு வா" என்றும் சொல்லியிருக்கிறார். நான் எங்கே கோட்டை விட்டேன்?

#2 · கோப்பி_ஓ · செவ்வாய், இரவு 11:05

தம்பி, கோளாறு ஸ்லைடில் இல்லை. முதலாளிக்குச் செய்ய மனசிருந்தால் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவார். மனசில்லை என்றால் 280 ஸ்லைடு போட்டாலும் அதே நாலு நிமிஷம்தான். 19 வருஷத்தில் மூன்று கம்பெனி பார்த்தாகிவிட்டது. முடிவை எடுத்துவிட்டு அதற்கு மாட்டிவிடுகிற சட்டைக்குப் பெயர்தான் பிசினஸ் கேஸ். போய்த் தூங்கு.

#3 · பேரேட்டு_அக்கா · புதன், காலை 7:20

கோப்பி_ஓ சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காக எழுதுகிறேன்.

தம்பி, நான் நிதிப் பிரிவில் 20 வருஷமாக இருக்கிறேன். உங்கள் பாஸ் மாதிரி ஆட்களிடம்தான் வேலை. இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்தால், நன்மை என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதுவேன்: இது எந்தக் கணக்கில் குறையும்?

30 விழுக்காடு நேரம் மிச்சம், சரி. அடுத்த மாசம் 11 பேருக்கும் அதே சம்பளம்தானே போகும்? பேரேட்டில் ஒரு காசு மாறாது. நேரம் காசாக வேண்டுமானால், ஒன்று ஓடி (கூடுதல் நேரக் கூலி) குறைய வேண்டும். இல்லையென்றால் எடுக்க வேண்டிய ஓர் ஆளை எடுக்காமல் விட வேண்டும். அதுவும் இல்லையென்றால் இதே ஆட்களை வைத்து அதிக ஆர்டர் அனுப்ப வேண்டும், அதற்கு ஆர்டர் வாசலில் காத்திருக்க வேண்டும். மூன்றும் இல்லை என்றால் மிச்சமாகிற நேரம் கோப்பிக்கடைக்குத்தான் போகும்.

உங்கள் ஸ்லைடில் இருந்தது தீர்வு. பாஸுக்கு இன்னும் பிரச்சினையே என்ன விலை என்று தெரியாது. போன வருஷம் ஸ்டோருக்குக் கொடுத்த ஓடி மொத்தம் எவ்வளவு? ஒரு மாசத்தில் எத்தனை டெலிவரி தப்பான சாமானோடு போகிறது? ஸ்டாக் எண்ணும்போது குறைகிறது என்று ரைட் ஆஃப் செய்த (கணக்கிலிருந்து அடித்துவிட்ட) தொகை எவ்வளவு? எண்ணுவதற்கு வெளி ஆட்களை எடுக்கிறீர்களா? முதலாவதும் மூன்றாவதும் உங்கள் அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் இருக்கும். மற்றதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு வாரம் எண்ணுங்கள். அதுவரை பவர்பாயிண்டைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எதுவும் செய்யாமல் விட்டால் செலவு இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே நிற்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிற்காது. நிர்வாக ஊழியருக்கும் ஓட்டுநருக்கும் 2023 மார்ச்சிலிருந்து படிப்படியாக உயரும் சம்பள முறை வந்துவிட்டது. காகிதத்தைத் துரத்துவதற்குக் கொடுக்கிற கூலியும் அதோடு ஏறும். 'சும்மா இருப்பது' என்பதற்கும் தாளில் ஒரு கட்டம் போட்டு, அதன் விலையை எழுதுங்கள்.

#4 · சாங்கி_பிராஜெக்ட் · புதன், மதியம் 12:48

அக்காவோடு ஒத்துப்போகிறேன், ஆனால் இதற்கு ஒரு முறை இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டன் நிதி அமைச்சின் 'கிரீன் புக்' வழிகாட்டி ஒரு திட்டத்தை ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது. ஏன் செய்ய வேண்டும், இருக்கிற வழிகளில் எது போட்ட காசுக்கு அதிகம் தரும், யாரிடம் எப்படி வாங்குவது, பணம் தாங்குமா, செய்து முடிக்க ஆள் இருக்கிறதா. நாம் எல்லாரும் முதலாவதை 20 பக்கம் எழுதுவோம், நாலாவதை ஒரு பக்கம் எழுதுவோம். கடைசி ஒன்றை யாரும் தொடுவதில்லை. திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

அதே வழிகாட்டி இன்னொன்றையும் வற்புறுத்துகிறது: திட்டம் போடுகிறவர் செலவைக் குறைத்தும் பயனைக் கூட்டியும்தான் எழுதுவார். பொய் சொல்ல நினைத்து இல்லை, ஆசையில். அதனால் மதிப்பீட்டின் மேல் ஒரு தொகையைச் சேர்த்தே பார்க்க வேண்டும். சிட்னி ஓபரா ஹவுஸ் கதை எல்லாருக்கும் தெரியும். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963இல் முடியும் என்று தொடங்கினார்கள். முடிந்தது 1973இல், 10 கோடியே 20 லட்சத்தில்.

#5 · பேரேட்டு_அக்கா · புதன், மதியம் 1:15

» யாரும் தொடுவதில்லை

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் தௌக்கேயிடம் பிரிட்டன் நிதி அமைச்சு என்று ஆரம்பித்தால் நாலு நிமிஷம் இரண்டாகிவிடும். ஐந்து கேள்வியும் இருக்கட்டும், ஐந்து அத்தியாயம் வேண்டாம். 62,000 வெள்ளிக்கு ஒரு பக்கம், பின்னால் கணக்குக்கு இன்னொரு பக்கம். ஆறு கோடி கேட்கிறவர்கள் புத்தகமாகப் போடட்டும்.

#6 · ரீச்_டிரக் · புதன், இரவு 9:30

அண்ணே, நான் ஆபீஸ் ஆள் இல்லை. பத்து வருஷமாக வேர்ஹவுஸில் வேலை, ஊர் புதுக்கோட்டைப் பக்கம். குறுக்கே பேசுவதாக நினைக்கவேண்டாம்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே ஸ்கேனர் கொண்டுவந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் தடிமனான கையுறை, ஸ்கேனரில் பட்டன் சின்னது. கையுறையைக் கழற்றி ஸ்கேன் பண்ணி, திரும்பப் போட்டு, தூக்கி, திரும்பக் கழற்றி. ரேக் எல்லாம் இரும்பு, உள்ளே போனால் வைஃபை கிடையாது. அதனால் எல்லாச் சாமானையும் எடுத்து வாசலில் வைத்து மொத்தமாக ஸ்கேன் பண்ணுவோம். சிஸ்டத்தில் எல்லாம் பச்சை. உண்மையில் எதை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாசத்தில் ஸ்கேனர் எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓடி குறையும் என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஓடிதான் ஊருக்கு அனுப்புகிற பணம். அதைக் குறைக்கிற சாமானை நாங்கள் எதற்குச் சிரத்தையாகத் தட்ட வேண்டும்?

#7 · துவாஸ்_ஸ்டோர் · புதன், இரவு 10:10

இந்த 28 ஸ்லைடில் இந்தக் கேள்வி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் வருகிறேன்.

#8 · கோப்பி_ஓ · புதன், இரவு 10:31

ரீச்_டிரக் தம்பி, இந்த இழையில் உருப்படியான பதிவு உன்னுடையதுதான்.

#9 · துவாஸ்_ஸ்டோர் · இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 11:20

எண்ணிவிட்டேன். 10 வேலை நாளில் 1,200 டிஓ (டெலிவரி ஆர்டர்) போயிருக்கிறது. தப்பாகப் போனது 26. வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 650 தப்பு டெலிவரி. ஒன்றுக்கு 85 வெள்ளி செலவு என்று போட்டேன்: லோரி, டிரைவர் சம்பளம், திரும்ப எடுத்து வைக்கும் நேரம், கிரெடிட் நோட் போடும் நேரம். 650 பெருக்கல் 85, அதாவது 55,250 வெள்ளி! ஒரே வருஷத்தில் போட்ட காசு கிட்டத்தட்டத் திரும்பிவிடும்.

ஓடி போன வருஷம் 41,000. நோட்டுக் கணக்கின்படி அதில் மூன்றில் ஒரு பங்கு, சாமானைத் தேடுவதற்கும் மறுபடி சரிபார்ப்பதற்கும் போகிறது. ரைட் ஆஃப் போன வருஷம் 38,000, அதற்கு முந்தைய வருஷம் 31,000. வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்டாக் எண்ணுகிறோம், ஒவ்வொரு தடவையும் வெளியாள் 8 பேர், 3 நாள், ஆளுக்கு நாளைக்கு 110 வெள்ளி.

#10 · பேரேட்டு_அக்கா · சனி, மதியம் 2:05

நோட்டுப் போட்டதற்கு முதலில் சபாஷ். இனி வெட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 85 வெள்ளியில் டிரைவர் சம்பளம் ஏற்கனவே போகிறது. லோரியும் உங்களுடையது. தப்பு டெலிவரி நின்றால் டிரைவர் சம்பளம் குறையுமா? இல்லை. வெளி லோரியைக் கூப்பிட்டு அனுப்பினால்தான் கையை விட்டுக் காசு போகிறது. எத்தனை தடவை கூப்பிடுகிறீர்கள், ஒரு நடைக்கு எவ்வளவு?

#11 · துவாஸ்_ஸ்டோர் · சனி, மதியம் 2:40

பாதித் தடவை. நடைக்கு 45 வெள்ளி.

#12 · பேரேட்டு_அக்கா · சனி, மாலை 4:18

அப்படியானால் 325 நடை, 14,625 வெள்ளி. உங்கள் 55,250 இங்கே வந்து நிற்கிறது. ஸ்கேனர் வந்தாலும் தப்பு முழுசாக நிற்காது, 60 விழுக்காடு குறையும் என்று வைத்தால் 8,775.

ஓடியில் மூன்றில் ஒன்று சுமார் 13,700. அதில் பாதியை மட்டும் கேளுங்கள், 7,000 என்று வைப்போம். ரைட் ஆஃப் இரண்டு வருஷச் சராசரி 34,500, அதில் பாதி 17,250. ஸ்டாக் எண்ணும் வெளியாள் செலவு 5,280, பாதி 2,640. கூட்டினால் 35,665.

எல்லாவற்றையும் ஏன் பாதியாக வெட்டுகிறேன் என்றால், முழுசாக எழுதினால் பாஸ் தன் மனசுக்குள் எப்படியும் வெட்டுவார். அவர் எவ்வளவு வெட்டுகிறார் என்று நமக்குத் தெரியாது. நாமே வெட்டி, எங்கே வெட்டினோம் என்று எழுதிவிட்டால் அவருக்கு அந்த வேலை இல்லை.

அடுத்து, இந்த நான்கு தொகைக்கும் பக்கத்தில் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும். ஓடி பட்ஜெட்டை வைத்திருக்கிற சூபர்வைசரிடம் போய், "அடுத்த வருஷ பட்ஜெட்டில் 7,000 குறைத்துப் போடலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் அந்த வரி தாளில் இருக்கட்டும். "ஐயோ, அது எப்படி" என்று இழுத்தால் அது நன்மை இல்லை, ஆசை. அடித்துவிடுங்கள்.

#13 · விற்பனைக்காரன் · சனி, இரவு 8:55

நான் சிஸ்டம் விற்கிற பக்கத்து ஆள். உண்மையைச் சொன்னால் தொழில் கெடும், இருந்தாலும் சொல்கிறேன்.

நாங்கள் கொடுக்கிற 'முதலீடு திரும்பும் கணக்கு' எக்செல் தாளை அப்படியே ஒட்டாதீர்கள். அதில் எந்த எண்ணைப் போட்டாலும் 14 மாசத்தில் திரும்பும்.

62,000 என்பது நாங்கள் பில் போடுகிற தொகை மட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தச் சுமைகூலி எங்கள் கொட்டேஷனில் வராது. 9,000 வகைச் சாமானுக்கும் ரேக்குக்கும் லேபிள் ஒட்டுவது யார்? இரண்டு வெளியாள், 30 நாள், உங்கள் 110 வெள்ளி கூலியிலேயே 6,600. இரும்பு ரேக்குக்கு நடுவே வைஃபை போட 7,500 வைத்துக்கொள்ளுங்கள், ரீச்_டிரக் சொன்னது நூறு விழுக்காடு சரி. பழைய காகிதமும் புது சிஸ்டமும் சேர்ந்து ஓடுகிற முதல் மாசத்தில் ஓடி குறையாது, ஏறும். அதற்கு ஒரு 4,000. மொத்தம் 80,100. அதற்குமேல் வருஷா வருஷம் சந்தாவும் பராமரிப்பும் இருக்கும், உங்கள் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

அப்புறம் பிஎஸ்ஜி மானியம், கம்பெனிகள் இப்படிப்பட்ட சிஸ்டம் வாங்க அரசாங்கம் தருவது. முன்கூட்டியே அங்கீகரித்த தீர்வாக இருந்து, கம்பெனிக்குத் தகுதியும் இருந்தால் தகுதிபெறும் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். இரண்டு விஷயத்தில் எல்லாரும் வழுக்குவார்கள். ஒன்று, காசு முதலில் உங்கள் கையிலிருந்து போகும், செலவழித்து முடித்துக் கேட்டால்தான் திரும்ப வரும். இரண்டு, விண்ணப்பிப்பதற்கு முன்னால் வெண்டரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ மானியம் போச்சு. இதை நான் தடித்த எழுத்தில் எழுத வேண்டும்: விண்ணப்பம் முதலில், கையெழுத்து பிறகு.

#14 · துவாஸ்_ஸ்டோர் · சனி, இரவு 9:30

சின்ன எழுத்து இருக்கிறது. வருஷத்துக்கு 11,000. இதை நான் பார்க்கவே இல்லை.

மானியம் 20,000 வரும்போலத் தெரிகிறது, கொட்டேஷனில் 40,000தான் அதற்குள் வருகிறது. அதைக் கழித்தே எழுதிவிடலாமா? 80,100 என்று எழுதவே கை நடுங்குகிறது.

#15 · சாங்கி_பிராஜெக்ட் · ஞாயிறு, காலை 9:12

கழித்து எழுதலாம். கம்பெனி கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும் என்பதுதானே பாஸின் கேள்வி?

#16 · பேரேட்டு_அக்கா · ஞாயிறு, காலை 10:40

எனக்கு உடன்பாடு இல்லை. மானியம் இன்னும் கையில் வரவில்லை, அங்கீகாரம் இன்னொருவர் கையில். மானியம் இல்லாமலே திட்டம் நிற்கிறதா என்று முதலில் காட்ட வேண்டும். நிற்கவில்லை என்றால் நாம் சிஸ்டம் வாங்கவில்லை, மானியத்துக்காக ஒரு பொருள் வாங்குகிறோம். அந்த வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி விலை என்று வாங்கி மூலையில் கிடக்கிற பெட்டிகள்.

கணக்கைப் பாருங்கள். நன்மை 35,665, வருஷச் செலவு 11,000 போக நிற்பது 24,665. 80,100ஐ இதால் வகுத்தால் மூன்றே கால் வருஷம். மானியம் வந்தால் 60,100, இரண்டு வருஷம் ஐந்தேகால் மாசம். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். முதல் வருஷம் பாதி நன்மைதான் வந்தது என்றால், மானியமும் இல்லை என்றால், ஏறத்தாழ நாலு வருஷம். அதையும் எழுதுங்கள்.

யாராவது நிகர தற்போதைய மதிப்பு (வரப்போகிற காசை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, போட்ட காசைக் கழித்தால் நிற்பது) கேட்டால், 8 விழுக்காட்டில் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 18,400 வெள்ளி, மானியம் இல்லாமல். தௌக்கே கேட்க மாட்டார், ஆனால் அவருடைய பேங்க்கர் கேட்கலாம்.

பொருள் சேவை வரி பற்றியும் ஒன்று. கொட்டேஷன் 62,000 வரி இல்லாத விலை என்று நினைக்கிறேன். 9 விழுக்காடு என்றால் 5,580. உங்கள் கம்பெனி பதிவு செய்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கேட்கலாம், அதனால் செலவில் சேர்க்க வேண்டாம். ஆனால் திரும்பி வரும்வரை காசு வெளியே நிற்கும், அந்த மாசக் கையிருப்பில் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

#17 · சாங்கி_பிராஜெக்ட் · ஞாயிறு, மதியம் 12:02

இரண்டு வரி என்றால் சரி. தோற்றுப்போனேன்.

#18 · தோ_பாயோ_87 · ஞாயிறு, மாலை 5:25

ஓய்வுபெற்றவன், இந்தப் பேச்செல்லாம் படிக்கச் சுவையாக இருக்கிறது. கோப்பி_ஓ தம்பி, முடிவுக்கு மாட்டுகிற சட்டை என்றீர்களே, அதற்கு ஒரு பழைய கதை.

எம்ஆர்டி (நகர ரயில்) வேண்டுமா வேண்டாமா என்று இந்த ஊரில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. 500 கோடி வெள்ளித் திட்டம், அந்தக் காலத்தில். அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு தரப்பு. கோ கெங் சுவீ தயங்கியவர்களில் ஒருவர், ஓங் டெங் சியோங் வேண்டும் என்று நின்றவர். ஹார்வர்டிலிருந்து வந்த ஒரு குழு 1980இல், ரயிலே வேண்டாம், பேருந்துகளைப் பெருக்கினால் போதும் என்றது. தொலைக்காட்சியில்கூட விவாதித்தார்கள். நாங்கள் கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதையே பேசுவோம். 1982 மே மாசம்தான் கட்டுவது என்று முடிவானது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அங்கே எதிர்த் தரப்பு உண்மையிலேயே பலமாக இருந்தது. ரயில் நல்லதா கெட்டதா என்று மட்டும் பேசவில்லை, ரயிலா பேருந்தா என்று பேசினார்கள். ரயில் பக்கத்தில் நின்றவர்கள் பயண நேரத்தை மட்டும் காட்டவில்லை, நிலத்தின் மதிப்பும் முதலீட்டாளர் நம்பிக்கையும் கூடும் என்பதையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். தம்பி, உங்கள் தாளில் ஸ்கேனர் அல்லது ஒன்றுமில்லை என்று இரண்டுதானே இருக்கிறது? நடுவே உங்கள் 'பேருந்து' எங்கே? ரேக்குக்கு நம்பர் எழுதி, அங்கிள் தலையில் இருப்பதை ஓர் எக்செல் தாளில் இறக்கினால் எவ்வளவு குறையும்?

1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையத்தோடு முதல் ரயில் ஓடியபோது, என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். அதுதான் இந்தப் பெயர்.

#19 · கோப்பி_ஓ · ஞாயிறு, மாலை 6:02

ஐயா, உங்கள் கதைக்காக என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

#20 · துவாஸ்_ஸ்டோர் · புதன், இரவு 11:15

ஐயா சொன்ன 'பேருந்தை' எடுத்துக்கொண்டு அங்கிளோடு உட்கார்ந்தேன். ரேக் நம்பரும் எக்செல்லும் மட்டும் செய்தால் செலவு 3,000 வெள்ளிக்குள் முடியும், தேடுகிற நேரம் குறையும். ஆனால் தப்பு டெலிவரியும் ரைட் ஆஃபும் பெரிதாகக் குறையாது, காரணம் எடுக்கும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. தாளில் மூன்று வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

ஓடி விஷயத்தில் சூபர்வைசர் முதலில் இழுத்தார். 5,000 வரை சரி என்றார். ஆகவே 7,000ஐ 5,000 ஆக்கிவிட்டேன். ரீச்_டிரக் கேட்டதை அவரிடமும் கேட்டேன். ஓடி குறைகிற ஆட்களுக்கு ஸ்கேன் துல்லியத்தைப் பார்த்து ஒரு சின்ன மாதப்படி கொடுக்கலாம் என்றார், வருஷத்துக்கு 2,400. அதையும் செலவில் சேர்த்தேன். நிகரம் 20,265க்கு இறங்கிவிட்டது, திரும்ப நாலு வருஷத்தைத் தொடுகிறது. மனசு கேட்கவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

ஒரு சந்தேகம். அங்கிள் அடுத்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுவார். சிஸ்டம் இருந்தால் அவர் இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டாம். 2,400 சம்பளம், 13 மாசம், மசெநிதியில் (மத்திய சேம நிதி) முதலாளி பங்கு 17 விழுக்காடு சேர்த்தால் 36,504. இந்த ஒரு வரி போதும், நாலு வருஷம் ஒன்றரை வருஷத்துக்குக் கீழே வந்துவிடும். சேர்க்கட்டுமா?

#21 · பேரேட்டு_அக்கா · வியாழன், காலை 7:05

கூட்டலில் சேர்க்காதீர்கள். கீழே தனியாக, 'அடுத்த வருஷம் நீங்கள் முடிவெடுக்க வேண்டியது' என்று எழுதி அந்த எண்ணைப் போடுங்கள். ஓர் ஆளை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு இல்லை, பாஸின் முடிவு. அவர் முடிவை நீங்கள் லாபமாக எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அங்கிளுக்கும் இந்தத் தாள் எப்படியாவது கண்ணில் படும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

#22 · துவாஸ்_ஸ்டோர் · அடுத்த செவ்வாய், இரவு 9:50

இன்றைக்குக் கொடுத்தேன். ஒரு பக்கம், பின்னால் கணக்கு. 40 நிமிஷம் போனது!

பாஸ் முதலில் பார்த்தது ரைட் ஆஃப் வரி. இரண்டு வருஷத்தில் 69,000 வெள்ளிச் சாமான் காணோம் என்று யாரும் அவரிடம் ஒரே எண்ணாகச் சொன்னதில்லையாம். ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்னத் தொகையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேனாவால் இரண்டு வட்டம் போட்டார். பிறகு அங்கிள் பற்றிய வரிக்கு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. "அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

முழுசாகக் கொடுக்கவில்லை. வேகமாக ஓடுகிற 1,400 வகைச் சாமானை மட்டும் வைத்து, மூன்று ஸ்கேனரோடு மூன்று மாசம் ஓட்டிக் காட்டு, கையுறையோடு, என்றார். (கையுறை என்ற வார்த்தை தாளில் இருந்தது. ரீச்_டிரக் தம்பிக்கு ஒரு பிரியாணி கடன்.) வெண்டர் சந்தோஷமாகச் சின்ன ஒப்பந்தம் ஒன்று அனுப்பிவிட்டார், 14,000 வெள்ளி. நாளை காலை 10 மணிக்குக் கையெழுத்து.

#23 · விற்பனைக்காரன் · செவ்வாய், இரவு 9:58

நிறுத்து நிறுத்து. அது பெரிய திட்டத்தின் முதல் கட்டம்தானே? அதே வெண்டர், அதே தீர்வு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று ஆகிவிடாதா? என் #13ஐப் படி, தடித்த எழுத்தை.

#24 · துவாஸ்_ஸ்டோர் · செவ்வாய், இரவு 10:01

ஐயோ.

#25 · பேரேட்டு_அக்கா · செவ்வாய், இரவு 10:20

பதறாதீர்கள். நாளைக்குக் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முன்னோட்டத்துக்கு டெமோ செட் இரவலாகக் கிடைக்குமா என்று வெண்டரிடம் கேளுங்கள், காசும் ஒப்பந்தமும் இல்லாமல். இரவலும் தொடங்கியதாக ஆகுமா என்று மானியம் தருகிறவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ் ஏன் தாமதம் என்பார். உங்கள் நிகரம் வருஷத்துக்கு 20,265, மாசத்துக்குச் சுமார் 1,690. இரண்டு மாசம் காத்திருந்தால் 3,400 போகும், 20,000 தப்பிக்கும். இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

#26 · விற்பனைக்காரன் · செவ்வாய், இரவு 10:24

டெமோ செட் எல்லா வெண்டரிடமும் இருக்கும். இல்லை என்று சொன்னால் நம்பாதே.

#27 · துவாஸ்_ஸ்டோர் · புதன், காலை 10:37

பாஸ் அறையிலிருந்து வெளியே வந்து எழுதுகிறேன். அந்த 3,400, 20,000 கணக்கைச் சொன்னேன். "இதை ஏன் நேற்றே தாளில் எழுதவில்லை?" என்றார். இரண்டு டெமோ ஸ்கேனர் வெள்ளிக்கிழமை வருகிறது. அக்கா, அந்த மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது?